பயந்த கைக்கு ஒரே வெளிச்சம்

எனக்கு நாலு பேர் முன்னால் நின்று பேச வராது. கடையில் இருந்த காலம் முழுக்கத் தடுப்புப் பலகைக்குப் பின்னால் ரிப்பேர் மேசையில்தான் உட்கார்ந்திருந்தேன். இப்போது அந்த மேசையில் நீங்கள் மூன்று பேர் இருக்கிறீர்கள் என்று கடைக்கார அக்கா சொன்னார். "வந்து பிள்ளைங்களுக்கு ரெண்டு வார்த்தை சொல்லிட்டுப் போயேன்" என்றும் சொன்னார். வந்து நின்றால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். அதனால் எழுதித் தருகிறேன். ஐந்தாவதோடு நின்ற எழுத்து, பிழை இருந்தால் திருத்திப் படித்துக்கொள்ளுங்கள்.

ஈயம் வைப்பதைப் பற்றி நான் சொல்லப்போவதில்லை. உங்கள் கண் இளங்கண். கை நடுங்காது. அந்த வேலை நாலு போர்டு பாழானால் தானாக வந்துவிடும். அதற்கு முன்னால் ஒரு நேரம் இருக்கிறது. ஈயம் உருக்குகிற சூட்டுக்கோலைக் கையில் எடுத்துவிட்டு, சிப்பைத் தொடாமல் இருக்கிற நேரம். எனக்குக் கஷ்டமாக இருந்ததெல்லாம் அந்த நேரம்தான்.

நம் கடைக்கு டார்ச்சைக் கொண்டுவருகிற பத்துப் பேரில் ஒன்பது பேர் கேட்பது ஒன்றுதான். "ஒரே மோடா ஆக்கிக் குடுங்க." இப்போது வருகிற டார்ச்சில் ஒரு அமுக்கு அமுக்கினால் பளிச்சென்று எரியும், அடுத்த அமுக்குக்கு மங்கும், அதற்கடுத்து இன்னும் மங்கும், அதற்கும் அடுத்து மின்னத் தொடங்கும். ஊரில் இருப்பவர்களுக்கு அது வேடிக்கை. ராத்திரி மோட்டார் போட்டு மடை திறக்கப் போகிறவருக்கு அது வேடிக்கை இல்லை. பாபநாசத்துக்குத் தெற்கே ஒருவர், கவுண்டரில் நின்று அக்காவிடம் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. "வரப்புல பாம்பு நிக்குதும்மா. நான் அமுக்குறேன், மங்குது. அமுக்குறேன், இன்னும் மங்குது. அமுக்குறேன், கல்யாண வீட்டு சீரியல் லைட்டு மாதிரி மின்னுது. பாம்பே பயந்து போயிருச்சு, ஆனா எந்தப் பக்கம் போச்சுன்னு எனக்குத் தெரியல!"

டார்ச்சின் தலைக்குள் இருக்கிற வட்டப் போர்டில் எட்டுக் கால் சிப்பு ஒன்று இருக்கும். இந்த ஆட்டமெல்லாம் அதன் வேலை. அதைத் தூக்கிவிட்டு ஒரு கம்பி இழுத்தால் அமுக்கினால் எரியும், அமுக்கினால் அணையும், அவ்வளவுதான். தூக்கியதைத் திரும்ப உட்காரவைக்க எனக்கு ஒருநாளும் வந்ததில்லை. அடியில் இருக்கிற செம்புத் தகடு உரிந்து கூடவே வந்துவிடும். இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், மறக்காதீர்கள். பேட்டரி காலியாகிறதா என்று பார்த்துக்கொண்டிருப்பதும் அதே சிப்புதான். அதை எடுத்தபின் சொல்ல ஆள் கிடையாது. தனக்குத்தானே பாதுகாப்பு உள்ள பேட்டரி போடாமல் ஒரே மோடு டார்ச்சை யாருக்கும் கொடுக்காதீர்கள்.

ஒரே மோடு என்றால் எந்த ஒன்று? அங்கேதான் வருகிறது சிக்கல். எட்டுக் காலுக்குப் பக்கத்தில், விளக்குக்கு மின்சாரத்தை அளந்து விடுகிற மூன்று கால் சிப்புகள் சில இருக்கும். எல்லாவற்றையும் விட்டுவைத்தால் பளிச். ஒன்றை மட்டும் வைத்துவிட்டு மற்றதைப் பிடுங்கினால் மங்கல். வயலுக்குப் போகிறவர்கள் எல்லாரும் பளிச்தான் கேட்பார்கள். அதனால் யோசிக்க வேண்டியிருக்காது. யோசிக்கவைத்தது ஒரு வாத்துக்கார வீடு.

அது மாசி மாதம். சம்பா அறுப்பு முடிந்து வயலெல்லாம் நெல் அறுத்த தாளாகக் கிடந்தது. ஒரு மதியம், தடுப்புப் பலகைக்கு அந்தப் பக்கம் புருஷன் பெண்டாட்டி சண்டை கேட்டது. பலகை இடுக்கு வழியாகப் பார்த்தேன். அவர் பெயர் ராசேந்திரன், அவள் அஞ்சலை. கீழ்வேளூர்ப் பக்கம். அறுப்பு முடிந்ததும் வாத்துகளை ஓட்டிக்கொண்டு, உளுந்து விதைக்காத வயலாகப் பார்த்துப் பார்த்து மேய்த்துக்கொண்டு இந்தப் பக்கம் வந்திருந்தார்கள். வயலிலேயே கூடாரம். பொழுது சாய்ந்ததும் நாலு பக்கமும் மூங்கில் முளை அடித்து, வலை கட்டி, வாத்துகளை உள்ளே அடைப்பார்கள்.

"ஒரே மோடா பண்ணிக்குடுங்க" என்றார் அவர்.

"என்ன மோடுன்னு சொல்லு" என்றாள் அவள்.

"ஒரே மோடுன்னா ஒரே மோடுதான். பளிச்சுன்னு."

"பளிச்சுன்னா? அன்னைக்குப் பளிச்சுன்னு போட்டியே, என்ன ஆச்சுன்னு சொல்லு அக்காகிட்ட."

"அது பளிச்சுனால இல்லடி. மின்னுச்சு. அதனால."

"மின்னுனது அப்பறம். மொத அமுக்குலயே எல்லாம் எந்திரிச்சிருச்சு."

"நீ பாத்தியாக்கும். போத்திக்கிட்டுத் தூங்குனவ."

"அடியில கெடந்தத ஒண்ணொண்ணா இழுத்துப் போட்டவ நானு. நீ லைட்டத் தட்டிக்கிட்டு நின்ன."

அவர் டார்ச்சைக் கவுண்டரில் அக்கா பக்கம் தள்ளி வைத்தார்.

நடந்தது இதுதான். முந்தின வாரம் வலைக்கு வெளியே நாய் வந்திருக்கிறது. இவர் தூக்கத்தில் எழுந்து டார்ச்சைத் தட்ட, அது ஒவ்வொன்றாக மாறி மின்னத் தொடங்கிவிட்டது. வாத்துகள் மிரண்டு ஒரே மூலைக்கு ஓடி, ஒன்றின் மேல் ஒன்றாக ஏறிவிட்டன. வாத்துகள் நாய் கடித்துச் சாவதைவிட இப்படி மூச்சு முட்டிச் சாவதுதான் அதிகமாம். விடிந்தபோது வரப்பு நெடுக வரிசையாகப் போட்டிருந்தார்கள். மிஞ்சியவையும் மிரட்சியில் முட்டையை நிறுத்திவிட்டன. இன்னொரு முறை அப்படி ஆனால் கீழ்வேளூருக்கு வெறுங்கையோடு போக வேண்டியதுதான் என்று அஞ்சலை சொன்னபோது அவள் குரலில் சண்டை இல்லை.

"சரி, ரெண்டு பேரும் பேசி முடிவு பண்ணிச் சொல்லுங்க" என்றார் அக்கா.

"முடிவு பண்ணியாச்சும்மா, பளிச்சுதான். நாயி தூரத்துல வர்றப்பவே தெரியணும்" என்று சொல்லிவிட்டு அவர் இறங்கிப் போய்விட்டார். வாத்தை யாரோ தெரிந்தவர் பார்த்துக்கொண்டிருந்தார், சீக்கிரம் போக வேண்டும். அஞ்சலை இரண்டு எட்டு போய்விட்டுத் திரும்பி வந்தாள். பலகை இடுக்கில் என் கண் தெரிந்திருக்க வேண்டும். நேராக என்னைப் பார்த்துச் சொன்னாள். "மங்கலா வைங்கக்கா. பொழுது சாயறதுக்குள்ள வந்து வாங்கிக்கறேன்."

டார்ச் என் மேசையில் கிடந்தது.

பிள்ளைகளே, பணம் கட்டுகிறவர் சொன்னதைச் செய்துவிட்டால் நம்மை யாரும் குறை சொல்ல முடியாது. அவர் பளிச் என்றார். பளிச் வைத்துக் கொடுத்திருக்கலாம். அவள் சொன்னதை நம்பினால் மங்கல் வைத்துக் கொடுத்திருக்கலாம். ஆனால் மங்கலான வெளிச்சத்தில் நாய் வந்தது தெரியாமல் போய், நாலு வாத்தை இழுத்துக்கொண்டு போனால்? அவர் சொன்னதும் சரியாகத்தான் பட்டது. நான் வாத்தைச் சந்தையில் பார்த்திருக்கிறேன், குழம்பில் பார்த்திருக்கிறேன். அது எதற்கு மிரளும் என்று எனக்கு என்ன தெரியும்?

அக்கா போன் போட்டுப் பார்த்தார். எடுக்கவில்லை. எடுத்தாலும் என்ன? அவர் எடுத்தால் பளிச், அவள் எடுத்தால் மங்கல்.

சூட்டுக்கோலைப் போடுவதும் அணைப்பதுமாக இருந்தேன். அக்கா வந்து எட்டிப் பார்த்தார். "என்ன, மந்திரிச்சு விட்ட மாதிரி உக்காந்திருக்க?"

சொன்னேன்.

"இதே கம்பெனி டார்ச்சு ஒண்ணு பழசுல கெடக்குதுல்ல? அதோட தலையை மங்கலாப் பண்ணு, இவங்க தலையைப் பளிச்சுன்னு பண்ணு. திருகுனா மாத்திக்கலாம். எதக் குடுக்கறதுன்னு அப்பறம் பாப்போம்."

அக்காவுக்கு இந்த வேலை தெரியாது. ஆனால் நான் முடங்கிப்போகிற நேரத்தில், கையால் செய்யக்கூடியது எது என்று பிரித்துக் காட்டிவிடுவார். அது ஒரு பெரிய படிப்பு. இரண்டு தலையையும் செய்து முடித்தேன். முடித்தபின்தான் பயம் அதிகமானது. இரண்டையும் கொடுத்து, வேண்டியதை மாட்டிக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிடலாம். நம் வேலை முடிந்த மாதிரிதான் இருக்கும். ஆனால் ராத்திரி எது மாட்டியிருக்கும் என்பது எனக்குத் தெரியும். யார் கை வலுத்ததோ அவர் தலை.

வெயில் தணிகிற நேரத்துக்கு அஞ்சலை தனியாக மொபெட்டில் வந்தாள். அக்கா இரண்டு தலையையும் காட்டி விஷயத்தைச் சொன்னார். அவள் நேரே தடுப்பைச் சுற்றிக்கொண்டு உள்ளே வந்துவிட்டாள். அங்கே வாடிக்கைக்காரர் யாரும் வந்ததில்லை.

"நீங்க வாங்கக்கா. நீங்க சொன்னாக் கேப்பாரு. எம்பேச்சு அவருக்குக் காத்து மாதிரி."

"நான் வந்து என்ன சொல்றது" என்றேன்.

"அதான் செஞ்சவங்கள்ல?"

அக்காவைப் பார்த்தேன், காப்பாற்றுவார் என்று. "போயிட்டு வா, மேசைய நான் மூடிக்கறேன்" என்றார்.

மொபெட்டின் பின்னால் டார்ச்சையும் மங்கல் தலையையும் பையில் வைத்து மார்போடு அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். குடமுருட்டி ஆறு தாண்டி, வாய்க்கால் கரை ஓரம் போனோம். மேடு பள்ளம். அஞ்சலை ஓட்டுகிற ஓட்டில் பாதித் தூரம் கண்ணை மூடிக்கொண்டேன். வாத்துகளின் சத்தம் வயலைப் பார்ப்பதற்கு முன்பே கேட்டது. பந்தியில் எல்லாரும் ஒரே நேரத்தில் பேசுகிற மாதிரி.

ராசேந்திரன் கடைசி முளையை அடித்துக்கொண்டிருந்தார். சூரியன் இறங்கிவிட்டது. ஆள் முகம் தெரிகிற வெளிச்சம்தான் மிச்சம்.

"இவங்கள எதுக்கு இழுத்துக்கிட்டு வந்த?"

"லைட்டு செஞ்ச அக்கா."

"செஞ்சாச்சுல்ல? குடுங்க, போட்டுப் பாத்துடுவோம்."

பளிச் தலைதான் மாட்டியிருந்தது. அவர் கையை நீட்டினார். நான் கொடுக்கவில்லை. கொடுத்தால் அந்த நிமிஷமே வாத்துகள் மேல் அடித்துப் பார்ப்பார். ஒன்றும் ஆகாவிட்டால் அவர் ஜெயித்தார். ஆகிவிட்டால்? அந்த வலைக்குள் இருப்பதுதான் அவர்களிடம் இருப்பது எல்லாம். போர்டு பாழானால் வேறு போர்டு போடலாம், இதை எதை வைத்துச் சரிசெய்வது?

"வேணாங்க" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

"என்னங்க?"

"வேணாங்க. நான் பாக்குறேன்."

வலைக்குக் கொஞ்சம் தள்ளி வரப்பில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தேன். டார்ச்சின் முகத்தை உள்ளங்கையால் இறுக்கி மூடிக்கொண்டு அமுக்கினேன். கைக்குள்ளிருந்து விரல்களெல்லாம் சிவப்பாகத் தெரிந்தன. வாத்துகள் கழுத்தை நீட்டின. சத்தம் ஒரு கணம் நின்றது. பிறகு ஒன்று ஏதோ முணுமுணுத்தது, மற்றவையும் முணுமுணுத்தன. விரலை ஒன்றொன்றாக, மெதுவாக, மிக மெதுவாக விலக்கினேன். கடைசியில் முழு வெளிச்சமும் வலையின் மேல் விழுந்தது. வாத்துகள் கண்ணைச் சுருக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தன. ஒன்றுகூட எழுந்திருக்கவில்லை.

ராசேந்திரனுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "பாத்தியா? பாத்தியாடி? பளிச்சுக்கு ஒண்ணும் ஆகல! திடீர்னு அடிக்கறதுதான் தப்பு. கைய மூடிக்கிட்டு அமுக்குனாப் போதும், முடிஞ்சிச்சு."

அஞ்சலை என்னைப் பார்த்தாள். கண்ணெதிரே நடந்துவிட்டது, இனி எப்படி மறுப்பது? பளிச் தலையையே கொடுத்துவிட்டுக் கிளம்பலாம் என்று எழுந்தேவிட்டேன். மனசுக்கு மட்டும் சரிப்படவில்லை. ஏன் என்று சொல்லவும் தெரியவில்லை. தெரியாததால்தான் கேட்டேன்.

"அன்னைக்கு நாய் வந்தப்ப உங்க கை எங்க இருந்துச்சுங்க?"

"கையா?" அவர் யோசித்தார். "தலைக்கு அடியில இருந்துச்சு. சத்தம் கேட்டதும் தடவுனேன். டார்ச்சு அகப்பட்டுச்சு, அமுக்கிட்டேன். எத்தன தரம்னு யாருக்குத் தெரியும்? உசுரே கையில இல்ல."

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. நீங்களும் இதை மட்டும் மனசில் வைத்துக்கொண்டால் போதும். கவுண்டரில் வந்து நிற்கிற கை வேறு, அலறி எழுகிற கை வேறு. கவுண்டரில் நிற்கிற கை எல்லாம் தெரிந்த கை. மூடிக்கொண்டு அமுக்குவேன், நாலாவது அமுக்குக்கு முன்னால் நிறுத்திக்கொள்வேன், வாத்துப் பக்கம் திருப்ப மாட்டேன் என்று சொல்லும், பொய்யும் இல்லை. அலறி எழுகிற கைக்கு இதில் ஒன்றும் ஞாபகம் வராது. அதற்குத் தெரிந்தது ஒரே ஒரு அமுக்கு. அந்த ஒரு அமுக்கில் என்ன வருகிறதோ, அதுதான் நாம் செய்துகொடுத்த டார்ச்.

டார்ச்சை அணைக்க வேண்டியிருந்தது. மறுபடி விரலை ஒன்றொன்றாக மூடி, பிறகு அணைத்தேன். பளிச் தலையைத் திருகிக் கழற்றிப் பைக்குள் போட்டேன். மங்கல் தலையை மாட்டினேன்.

"என்ன பண்றீங்க?" என்றார் அவர்.

"இது போதுங்க."

"போதுமா? இதுல நாயி எப்புடிங்க தெரியும்? வயல்ல நிக்கறவன் நானா நீங்களா?"

"நீங்கதாங்க."

"அப்ப அத மாட்டுங்க. நான்தான் சொல்றேன்ல? வாத்து மேல அடிக்கவே மாட்டேன். நாயி மேல மட்டுந்தான் அடிப்பேன். சத்தியமா. இவ தலையில அடிச்சு வேணாலும் சொல்றேன்."

"எந்தலைய எதுக்கு இழுக்கற?" என்றாள் அஞ்சலை.

வாழ்க்கையில் வாடிக்கைக்காரர் ஒருவரிடம் முடியாது என்று சொன்னது எனக்கு அதுதான் முதல் தடவை. அதையும் ஒழுங்காகச் சொல்லவில்லை. தலையை மட்டும் ஆட்டினேன். டார்ச்சைச் சேலை முந்தானைக்குள் வைத்துப் பிடித்துக்கொண்டேன், சின்னப் பிள்ளை மிட்டாயை ஒளிக்கிற மாதிரி. அவருக்குக் கோபம் வந்துவிட்டது. கடைக்கே வந்து அக்காவிடம் பேசிக்கொள்கிறேன் என்றார். ஒருவேளை நான்தான் தப்போ என்று அப்போதும் தோன்றிக்கொண்டே இருந்தது. உள்ளதைச் சொல்கிறேன், சரியானதைச் செய்கிறபோது தைரியமாக இருக்கும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். எனக்கு அப்படி இருந்ததே இல்லை.

பின்னால், வரப்பை ஒட்டி அறுத்த தாளில் சரசரவென்று ஒரு சத்தம்.

யார் எப்போது என் கையிலிருந்து டார்ச்சைப் பிடுங்கினார்கள் என்று நான் பார்க்கவில்லை. ராசேந்திரன் கையில் அது இருந்தது, எரிந்தது. சத்தம் வந்தது நாய் நின்ற வரப்புப் பக்கம். வெளிச்சம் விழுந்தது நேராக வாத்துகள் மேல்.

எல்லாம் ஒரே உடம்பாக எழுந்தன. அத்தனை கழுத்தும் ஒரே பக்கம் திரும்பின. எதிர்ப்பக்க வலையை நோக்கி ஒரு அலை மாதிரி நகர்ந்து, முன்வரிசை வலையில் மோதி, வலை வயிறு மாதிரி உப்பியது. ஒரு முளை சாய்ந்தது. ஏறிவிட்டன, அவ்வளவுதான், முடிந்தது என்று நினைத்தேன்.

"அணைச்சிராத! அசையாத! அப்பிடியே புடி!" அஞ்சலை கத்தவில்லை, தொண்டைக்குள்ளேயே சொன்னாள். சொல்லிக்கொண்டே குனிந்து, தீனி போடுகிறபோது கூப்பிடுகிற மாதிரி, "பா... பா... பா..." என்று வலையைச் சுற்றி நடந்தாள்.

வாத்துகள் மோதிய இடத்திலேயே நின்றன. ஒன்றன் மேல் ஒன்று ஏறவில்லை. நெருக்கிக்கொண்டு, தள்ளிக்கொண்டு, ஆனால் தரையில் நின்றன. மங்கல் வெளிச்சத்தில் அவை ஒன்றுக்கொன்று தெரிந்தன, வலை எங்கே என்று தெரிந்தது. அதற்குமேல் அந்த வெளிச்சம் எதையும் அடித்துத் துரத்தவில்லை. கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னால் நின்றவை பின்னுக்கு நகர்ந்தன. வலையின் வயிறு வடிந்தது.

நாய் இன்னும் வரப்பில்தான் நின்றது. நான் ஒரு மண்கட்டியை எடுத்து எறிந்தேன். அது எங்கே விழுந்ததோ தெரியாது. நாய்க்கு என் மேல் இரக்கம் வந்ததோ என்னவோ, போய்விட்டது.

அஞ்சலை சாய்ந்த முளையை நிமிர்த்திக் கட்டினாள். ராசேந்திரன் நீட்டிய கையோடு நின்றார். நாய் மேல் மட்டும்தான் அடிப்பேன் என்று சத்தியம் செய்த கை வாத்துகள் மேலேயே நீண்டிருந்தது. அவர் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, உதடு அசைந்தால்கூட வாத்துக்குத் தெரிந்துவிடும் என்பதுபோலச் சொன்னார்.

"அஞ்சல. கை வலிக்குது."

"வலிக்கட்டும்."

"அணைச்சிரவா?"

"அணைச்சா திரும்ப எந்திரிக்கும். பேசாம நில்லு."

"எது வரைக்கும்?"

"அதுங்க தலைய எறக்கைக்குள்ள வெக்கிற வரைக்கும்."

ஒன்றிரண்டு உட்கார்ந்துவிட்டன. மற்றவை இன்னும் கழுத்தை நீட்டிக்கொண்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தன. அவர் தலையைத் திருப்பாமல், கண்ணை மட்டும் என் பக்கம் திருப்பினார்.

"அக்கா. இந்த மங்கல் லைட்டுல பேட்டரி எவ்வளவு நேரம் தாங்கும்?"

"விடிய விடியத் தாங்குங்க" என்றேன்.

"செத்தேன்" என்றார்.